நாதாங்கிக்கு நாலு ஸ்க்ரூ

மாப்ள, புது வூட்டுக்கு எட்டு கேமரா மாட்டியிருக்கறதா ராசிபுரம் சந்தை வரைக்கும் சேதி வந்துபோச்சு. திக்குக்கு ஒண்ணாமா. கேட்டதும் மாமனுக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. தங்கச்சி மகன் பொழைக்கத் தெரிஞ்சவன்னு பக்கத்துல முட்டை வித்துக்கிட்டிருந்தவங்கிட்டயும் சொன்னேன்.

சின்னதா ஒரே ஒரு சந்தேகம். கேமரா புடிக்கற படத்தையெல்லாம் உள்ள வாங்கி வச்சுக்கற பொட்டி, டி.வி.ஆருன்னு சொல்றாங்களே, அத எங்க வச்சிருக்கற? ஹால்ல, டி.வி.க்குக் கீழ, பச்சை லைட்டு மினுக்குற மாதிரி. வர்றவன் தேடி அலையக் கூடாதுங்கற நல்ல மனசு உனக்கு. பேப்பர்ல அடிக்கடி வருதே, படிக்கறதில்லயா? நகையோட சேத்து அந்தப் பொட்டியையும் கழட்டிக்கிட்டுப் போயிடறான். போறப்ப மொளகாப்பொடிய வேற தூவிட்டுப் போறான். மொளகாப்பொடி போலீசு நாய்க்கு, பொட்டிய எடுத்தது போலீசுக்கு. அந்த மொளகாப்பொடியும் அம்மிணி அரைச்சு வச்சதாத்தான் இருக்கும். கையில இருந்து செலவு பண்ணித் திருடறவன் எவன்? படம் செல்போனுக்கும் போற மாதிரி பண்ணி, பொட்டிய அட்டாலி மேலயோ பூட்டுன கப்போர்டுக்குள்ளயோ வச்சிருந்தீன்னா, எட்டுக்குப் பதிலா ரெண்டு கேமரா போதும். மிச்சக் காசுல எனக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கியிருக்கலாம்.

கேமராவ நான் கொறை சொல்லுல. காவல் போட்டாச்சுங்கற நெனப்புல கண்ண மூடிக்கறமே, அதத்தான் சொல்றேன். 2016 ஆகஸ்டு 8ஆந் தேதி ராத்திரி நம்ம சேலத்துல இருந்து எழும்பூருக்குப் பொறப்பட்ட ரயிலு ஞாபகம் இருக்குதா? பேங்குகள்ல சேந்த பழைய நோட்டு, 342 கோடி ரூவா, மரப்பொட்டிகள்ல அடச்சு ரிசர்வ் பேங்குக்குப் போச்சு. பொட்டி 226. பார்சல் பொட்டிக்குப் பூட்டு இருந்துச்சு, சீல் இருந்துச்சு, கூடவே துப்பாக்கியோட போலீசும் போச்சு. கதவ ஒருத்தனும் தொடல. விடிஞ்சு எழும்பூர்ல தெறந்து பாத்தா, கூரையில ஒரு ஆளு எறங்கற அளவுக்கு ஓட்டை. 5 கோடியே 78 லட்சம் காணோம்.

அவன் எந்த எடத்தப் பாத்துக் கை வச்சான்னு கவனி. சேலத்துல இருந்து விருத்தாசலம் வரைக்கும் அன்னைக்கு டீசல் எஞ்சின்தான், தலைக்கு மேல கரண்டுக் கம்பி கெடையாது. ஏறுனா ஷாக் அடிக்காது. சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவால ஏறி, இரும்ப அறுத்து, உள்ள எறங்கிப்போட்டான். சி.பி.சி.ஐ.டி. ரெண்டு வருசம் தேடி, 2018ல மத்தியப் பிரதேசத்துக் கும்பலப் புடிச்சாங்க. அதுக்கு முன்னாடியே இன்னொரு கூத்து நடந்துபோச்சு. திருடி மூணே மாசம், அதே எட்டாந்தேதி, நவம்பர் 8 ராத்திரி, 500ம் 1000ம் செல்லாதுன்னு பிரதமரு டி.வி.ல சொல்லிப்போட்டாரு. செலவழிக்காம வச்சிருந்த நோட்டு என்னாயிருக்கும்னு நெனச்சு நெனச்சு நான் ரெண்டு நாள் தனியாச் சிரிச்சேன்.

நாமக்கல் ஆஞ்சநேயரு 18 அடி ஒசரம், தலைக்கு மேல கூரையே கெடையாது, வெயில்லயும் மழையிலயும் நிம்மதியா நிக்கறாரு. கூரை போட்ட ரயிலுக்குத்தான் ஓட்டை போட்டானுங்க. உன்ற வூட்டுக்கு வா. முன்னால தேக்குக் கதவு, அதுல கஜலட்சுமி, யானை ரெண்டும் தும்பிக்கையத் தூக்கித் தண்ணி ஊத்துது. மொட்டை மாடிக்குப் போற கதவு? தகரம். ஒத்தத் தாழ்ப்பாளு, அதும் காத்தடிச்சா டப்புடப்புங்குது. மாடிப் படிய வெளியால வச்சது நீதான். மேல வாடகைக்கு உட்டா வசதின்னு சொன்ன. திருடன் அட்வான்சு குடுக்காமயே ஏறிக்குவான். பின்னால பாத்ரூம் வெண்டிலேட்டருல நாலு கண்ணாடிப் பட்டை, கையில புடிச்சு இழுத்தா வரும். அதுக்கு ஒரு கம்பிச் சட்டம் அடிக்க ஆயிரம் ரூவா ஆவுமான்னு பேரம் பேசுனியாமா. கஜலட்சுமிக்கு எத்தன குடுத்தீன்னு நான் கேக்கல.

அந்தத் தேக்குக் கதவுக்கே வரேன். நாதாங்கியக் குனிஞ்சு பாத்திருக்கறயா ஒரு நாளாச்சும்? பால் காச்சுன அன்னைக்கே நான் பாத்துப்போட்டேன். சபையில சொன்னா உங்கம்மா கரண்டியோட வருவான்னு வாய மூடிக்கிட்டேன். பூட்டு திண்டுக்கல்லுல சொல்லி வாங்குனது. ஒரு கையில புடிக்க முடியாது, அத்தன கனம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க, அதுல கொறை சொல்ல ஒண்ணுமில்ல. அந்தப் பூட்டத் தாங்கறது எது? தகட்டு நாதாங்கி. அதப் புடிச்சு வச்சிருக்கறது நாலு ஸ்க்ரூ, முக்கா இஞ்சுக்கு மேல இருக்காது. அதுல கீழ இருக்கறது மரத்துக்குள்ள ஏறவே இல்ல. ஆசாரிப் பையன் திருப்புளியப் புடிக்கச் சோம்பேறித்தனப்பட்டு, சுத்தியல்ல ரெண்டு போடு போட்டிருக்கறான். தலை ஒரு பக்கமாக் கோணிக்கிட்டு நிக்குது, பெயிண்ட் அடிச்சு மறச்சிருக்கறான். பூட்டு ஆயிரம் ரூவா, ஸ்க்ரூ எட்டு ரூவா. திருடன் பூட்டப் பாக்கக்கூட மாட்டான் மாப்ள. ஒரு முழக் கம்பிய நாதாங்கிக்குள்ள உட்டு ஒரு நெம்பு. பூட்டு பூட்டுனபடியே, நாதாங்கியக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தொங்கும். மறுநாள் பேப்பர்ல பூட்ட ஒடச்சுட்டாங்கன்னு போடுவான். திண்டுக்கல்காரனுக்கு வீணாக் கெட்ட பேரு.

கதவு ஊடால அந்தப் பக்கம் வரைக்கும் போற போல்ட்டாப் போட்டு, உள்பக்கம் நட்டு வச்சு முடுக்கச் சொல்லு. வெளித்தலை உருண்டையா இருக்கோணும், ஸ்பேனருக்குச் சிக்கக் கூடாது. அதைவிட, கதவுக்குள்ளயே பதிச்ச பூட்டு நல்லது. வெளிய தொங்கற பூட்டு, வூட்ல ஆளில்லீங்கோன்னு தெருவுக்குச் சொல்றதுக்குத்தான் ஆவும்.

எங்க அப்பாரு காலத்துல மண்சொவருல கன்னம் வைப்பானுங்களாமா. கன்னக்கோலுல தொளச்சு முடிச்சதும் தலைய உட மாட்டான். கரிச்சட்டி ஒண்ணக் குச்சில மாட்டி உள்ள நீட்டிப் பாப்பான். உள்ள உலக்கையோட எவனாச்சும் நின்னா, அடி சட்டிக்கு. வூட்டுக்காரன் மேல அந்த மருவாதி இருந்துச்சு. இப்ப உன்னாலயும் அம்மிணியாலயும் அவனுக்குச் சட்டிச் செலவும் மிச்சம். ஏற்காட்டு ஏரியில போட்ல குந்தியிருக்கற படம், ரூமு ஜன்னல்ல இருந்து பனி தெரியற படம், மறுக்கா சாயங்காலம் பஜ்ஜி தின்னற படம். மூணு நாளும் ஸ்டேட்டசு. வூட்டுக்கு வந்து சேந்தப்பறம் வச்சா பஜ்ஜி ஆறியா போயிரும்?

செல்போனு இல்லாத திருடனுக்கும் வாசலே சொல்லிப்போடும். நாலு மணிக்கு எந்திரிச்சு சாணி தெளிச்சுக் கோலம் போடற தெருவுல, ரெண்டு நாளாக் கோலமில்லாத வாசலு எது? கேட்டுல சொருகுன பேப்பரு எடுக்காமக் கெடக்குது. பட்டப்பகல்ல வாசல் லைட்டு எரியுது. ஆளு இருக்கற மாதிரி இருக்கட்டும்னு நீ போட்டுட்டுப் போற லைட்டுதான் அது. ஆளு இருந்தா விடிஞ்சதும் அமத்திருப்பாங்கல்ல? பேப்பர்காரனயும் பால்காரனயும் நிறுத்தச் சொல்லிட்டுப் போ. கோலத்துக்குப் பக்கத்தூட்டு ஆயாகிட்டச் சொல்லு. லைட்டுக்கு டைமர் விக்கறாங்க. நம்ம பக்கம் கோழிப்பண்ணைல கோழிக்கு லைட்டு போட்டு அமத்தறதுக்கு வச்சிருக்கறான். கோழிக்கு இருக்கற வசதி வூட்டுக்கு வேண்டாமா?

திருச்செங்கோட்டுக்காரங்க ரிக் வண்டிய எடுத்துக்கிட்டு, மாசக்கணக்குல வடக்க போர் போடப் போறாங்க. லாரிக்காரன் குஜராத்து போய்த் திரும்ப எத்தன நாளோ. இப்படி ஆம்பளைங்க வெளியூர்லயே கெடக்கற ஊரு நம்முது. வூட்டப் பாத்துக்கறது எப்படின்னு அந்த வூட்டுப் பொம்பளைங்களக் கேட்டா என்னையவிட நல்லாச் சொல்லுவாங்க. "அவரு எப்ப வருவாரு"ன்னு புதுசா ஒருத்தன் வந்து கேட்டா, "உள்ளதான் தூங்கறாரு, எழுப்பட்டுமா"ங்கறதுதான் அவங்க பாடம். ஒரே வரி. இதுக்குக் கரண்டு வேண்டாம், சார்ஜு வேண்டாம்.

சாவிக்கு வருவோம். மீட்டர் பொட்டி மேல, துளசி மாடத்துப் பொந்துல, செருப்பு ஸ்டேண்டுல இடதுகால் ஷூவுக்குள்ள. வேற எங்கயாச்சும் வைப்பீங்களா நீங்க? சேலம் ஜில்லாவுல இருக்கற வூடெல்லாம் ஒரே ஆளு சொல்லிக் குடுத்த மாதிரி இந்த மூணு எடத்துலதான் வைக்குது. அப்பறம் பீரோ சாவி. பீரோ மேலயே, பழைய காலண்டருக்கு அடியில. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்குப் போய்ப் பாரு. பொழுதோட கூட்டி அள்ளுற குப்பையக்கூட வீசமாட்டாங்க. அதுல வெள்ளித்தூசி இருக்கும்னு மூட்டை கட்டி வைப்பாங்க. தூசிக்கு அங்க அத்தன காவலு. உங்க வூட்ல ஆரமும் நெக்லசும், ஜவுளிக்கடைப் பையில சுத்தி அரிசி டிரம்முக்குள்ள. அரிசி டிரம்ம மொதல்ல கவுக்கோணும்னு அஞ்சாங்கிளாஸ் படிக்கற திருடனுக்கும் தெரியும்.

2025 அக்டோபர்ல பவுனு 90 ஆயிரத்தத் தாண்டுச்சு. அந்த மாசமே டவுன் பஸ்ஸுல ரெண்டு பொம்பளைங்க, மண்டபத்துல பொண்ணுக்கு எத்தன பவுனு போட்டாங்க, மாப்ளைக்கு எத்தனன்னு கண்டக்டருக்கும் கேக்கற மாதிரி பேசிக்கிட்டு வந்தாங்க. ஊரு பேரு, தோட்டத்துக்குப் போற வழி எல்லாத்தோடயும்.

லாக்கர்ல வைன்னா, பேங்குக்காரன நம்பலாமான்னு கேக்கற. கேக்க வேண்டியதுதான். ரிசர்வ் பேங்கு 2022 ஜனவரியில இருந்து ஒரு கணக்கு வச்சிருக்குது: தீ, திருட்டு, கட்டடம் இடிஞ்சது, பேங்கு ஆளே மோசடி பண்ணதுன்னு லாக்கர்ப் பொருளு போச்சுன்னா, பேங்கு குடுக்க வேண்டியது லாக்கரோட வருச வாடகையப் போல நூறு மடங்கு வரைக்கும். வருச வாடகை 2,000ம்னா ரெண்டு லட்சம். 90 ஆயிரம் வெலையில அது ரெண்டே கால் பவுனுகூட இல்ல. நீ அம்பது வச்சிருந்தாலும் அதேதான். ஆனாலும் லாக்கரத்தான் சொல்லுவேன். அரிசி டிரம்மு நூறு மடங்கு வேண்டாம், ஒரு மடங்காச்சும் குடுக்குமா? ஒவ்வொரு உருப்படியையும் படம் புடிச்சு, எடை எழுதி, பில்லோட சேத்து உங்கம்மாகிட்ட ஒரு காப்பி குடுத்து வை. திருட்டுப் போனா, பவுனு எத்தனன்னு புருசன் ஒண்ணு சொல்லி, பொண்டாட்டி ஒண்ணு சொல்லி, ஸ்டேசன்லயே சண்டை ஆரம்பிக்கும்.

ஆறடிக் காம்பவுண்டு கட்டி, மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்கற. யாருக்காக? திருடனுக்குன்னு சொல்லாத. பக்கத்தூட்டு ஆயா எட்டிப் பாக்குதுன்னு கட்டுன. அந்த ஆயாதான் உனக்குக் கெடச்ச ஒன்பதாவது கேமரா. கரண்டு போனாலும் ஓடும், ராத்திரி ரெண்டு மணிக்கு இருமிக்கிட்டே முழிச்சிருக்கும், அதோட பொட்டிய எவனும் கழட்டிக்கிட்டுப் போவ முடியாது. அத ஆறடி வெச்சு மறச்சுப்போட்ட. செவுத்துக்கு வெளிய நிக்கற வரைக்கும்தான் திருடனுக்கு ஒதறும். உள்ள குதிச்சுட்டான்னா அந்தச் செவுரே அவனுக்கு மறைப்பு. நாதாங்கிய நிதானமா நெம்பலாம், தெருவுல போறவனுக்கு ஒண்ணும் தெரியாது. கிளுவை வேலியில ஒரு கோழி நுழைஞ்சாலும் மூணு வூட்டுக்குத் தெரிஞ்ச காலம் இருந்துச்சு. திண்ணையில நாலு கெழவனுங்க படுத்திருப்பாங்க. எவன் எத்தன மணிக்கு வூட்டுக்கு வந்தான்னு ஊருக்கே கணக்குச் சொல்லுவாங்க. இளவட்டங்களுக்கு அது எடஞ்சல்தான், நானும் பட்டிருக்கறேன். தலையாரி ராத்திரியில தடியத் தட்டிக்கிட்டு ஒரு சுத்து வருவான். 1980ல எம்.ஜி.ஆரு மணியக்காரர், கர்ணம் வேலையெல்லாம் எடுத்துப்போட்டாரு. தலையாரி கிராம உதவியாளர் ஆயிட்டாரு. சர்டிபிகேட்டு வேலைக்கே பொழுது பத்தறதில்ல, அவருகிட்டப் போய்த் தடியக் குடுக்கவா?

இதச் சொன்னா, "மாமா, இப்பெல்லாம் பெரிய பெரிய கும்பலு வருது, ஆயா என்ன பண்ணும்"பே. சரி, பெரிய கும்பலையே பேசுவோம். 2024 செப்டம்பர் 27. திருச்சூர்ல விடியக்காலம் மூணு ஏ.டி.எம். மிசின கேஸ் கட்டர்ல அறுத்து, அறுவது லட்சத்துக்கு மேல அள்ளிக்கிட்டுக் கார்ல பறந்தானுங்க. கேரளா போலீசு கார ரோடெல்லாம் தேடுது. காரு எங்க? கண்டெய்னர் லாரிக்குள்ள. காரோட ஆளுங்களையும் காசையும் உள்ள ஏத்திக் கதவ மூடிட்டு, சரக்கு லாரி மாதிரி நம்ம நாமக்கல் ஜில்லாவுக்குள்ள வரானுங்க. லாரிக்குப் பாடி கட்டிப் பொழைக்கற ஊருக்குள்ள, லாரிய வச்சு ஏமாத்தலாம்னு! குமாரபாளையம், வெப்படைப் பக்கம் போலீசு மறிக்க, நிறுத்தாம காரு, பைக்குன்னு இடிச்சுக்கிட்டுப் போவ, ரோட்டுல போன சனமெல்லாம் சத்தம் போட்டுத் தொரத்துச்சு. கடைசியில மடக்கிக் கதவத் தெறந்தா உள்ள வெள்ளைக் காரு. போலீச அடிச்சுட்டு ஓடப் பாத்ததுல ஒருத்தன் குண்டடி பட்டுச் செத்தான், இன்னொருத்தனுக்குக் கால்ல பட்டுச்சு. போலீசுலயும் காயம். அரியானாக் கும்பல்னாங்க. திருச்சூர்ல எந்த மிசினுக்கும் கேமரா இல்லாம இல்ல. இங்க லாரிக்காரன் ஓட்டற தினுசு சரியில்லன்னு கூச்சல் போட்டது, ரோட்டுல நின்ன மனுசன்.

இதுக்கு முன்னால பவாரியாக் கும்பல் லாரியிலயே வந்து, பெரிய ரோட்டோரம் ஒத்தையா இருக்கற வூடாப் பாத்துப் புகுந்தானுங்க. 2005 ஜனவரியில கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்த அவரு வூட்லயே கொன்னானுங்க. ஜாங்கிட் தலைமையில தனிப்படை வடக்க போய்ப் புடிச்சாந்துச்சு. அந்தக் கதையத்தான் 2017ல கார்த்திய வச்சுப் படமா எடுத்தாங்க, நீ மூணு தடவை பாத்த. படம் பாத்தவன் பைபாஸ் ஓரம்தான் எடம் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னு வாங்குன.

அந்தப் படம் பாத்ததுல உனக்கு வந்த ஒரே புத்தி, இந்தி பேசறவனப் பாத்தா மொறைக்கறது. கோழிப்பண்ணைல முட்டை பொறுக்கறதுக்கும், பள்ளிபாளையத்துல தறி ஓட்டறதுக்கும் பீகார்லயும் ஒடிசாவுலயும் இருந்து ஆளு வந்தாத்தான் ஆவுது. அவன் சந்தேகக் கேசு, நீ யோக்கியன். வெள்ளைக்காரனும் இதத்தான் பண்ணான். 1871ல குற்றப்பரம்பரைச் சட்டம்னு போட்டு, 1911ல சென்னை மாகாணத்துக்கும் கொண்டாந்து, பொறந்த கொழந்தையில இருந்து ஒரு கூட்டத்தையே திருடன்னு எழுதி வச்சான். 1947ல அது இங்க ஒழிஞ்சுது. உன்ற மண்டையில இன்னும் ஒழியல. 2018ல பிள்ளை புடிக்கறவங்கன்னு வாட்ஸாப்புல வந்தத நம்பி, போளூர்ப் பக்கம் கோயிலுக்குப் போன வயசான அம்மாவ ஊரே சேந்து அடிச்சுக் கொன்னாங்களே. அவங்க பண்ணது கொழந்தைக்குச் சாக்லேட் குடுத்ததுதான். அந்த ஊர்லயும் எல்லாரும் உன்னைய மாதிரி உஷாரானவங்கதான்.

கொஞ்ச நேரம் நையாண்டிய எடுத்து வச்சுப்போட்டுப் பேசறேன். 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்துல தோட்டத்து வூட்ல அப்பன், ஆத்தா, மகன் மூணு பேரும் கொலையாயிப் போனாங்க. 2025ல ஈரோட்டு ஜில்லா சிவகிரிப் பக்கம் அதே மாதிரி தோட்டத்துச் சாளையில வயசான ரெண்டு பேரு. அப்பறம் போலீசு கைது பண்ணது வடக்கத்தி ஆளுங்கள இல்ல. அதே ஈரோட்டு ஜில்லாக்காரங்கள. உன்ற அப்பனும் ஆத்தாளும் சேந்தமங்கலத்துச் சாளையில ஒத்தையாக் கெடக்கறாங்க. நீ இங்க எட்டு கேமரா மாட்டியிருக்கற, அங்க கட்டுத்தரைக்கு ஒரு லைட்டு இல்ல. பிள்ளைங்க டவுனுக்குப் போனப்பறம் நம்ம பக்கத்துல சாளைக்குச் சாளை இந்த நெலமைதான். களத்துல ஒரு சோலார் லைட்டு, ரெண்டு நாட்டு நாயி, அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரன் நம்பரு பெரிய எழுத்துல செவுத்துல, பொழுதோட ஒரு போனு. நாயி திடீர்னு சோறு திங்காமச் சுருண்டு படுத்தாலோ செத்தாலோ, பாம்பு கடிச்சிருக்கும்னு சும்மா உடாத. பக்கத்துத் தோட்டத்துக்குச் சொல்லச் சொல்லு. நகைய அங்க வைக்கவே கூடாது. ஆத்தா கழுத்துல கெடக்கறது கெடக்கட்டும், அதக் கழட்டச் சொன்னா அது கேக்காது.

கேட்டுக்குக் கரண்டு குடுக்கலாமான்னு எலக்ட்ரீசியன்கிட்டக் கேட்டியாமா. அவன் வந்து எங்கிட்டச் சொல்லிச் சிரிக்கறான். காட்டுப்பன்னிக்குன்னு வேலியில கரண்டு உட்டு, ஆளு செத்த கதைய வருசா வருசம் கேக்கறோம். திருடனே செத்தாலும் கேசு உன்மேலதான். அவன் சாவறதுக்கு முன்னால, ராத்திரி ஒண்ணுக்குப் போவ எந்திரிச்ச நீ தொட்டிருப்ப.

ராத்திரி உள்ள ஆளு வந்துட்ட மாதிரி சத்தம் கேட்டா, சினிமாப் பாத்த தைரியத்துல அரிவாளத் தூக்கிக்கிட்டுப் போவாத. உள்ளாறத் தாழ்ப்பாள் போட்டு, லைட்டெல்லாம் போட்டு, கத்து. வந்தவன் நகைக்கு வந்தான், உன்னையப் பாக்க வரல; ஓடறதுக்கு வழிய உடு. 100ஆ, 112ஆன்னு யோசிச்சுக்கிட்டு நிக்காத, ரெண்டுக்கும் போவும்.

வெளியூர் போயிட்டு வந்து கதவு தெறந்து கெடக்கறதப் பாத்தா, உள்ள காலே வைக்கக் கூடாது. நம்மூர்ல என்ன நடக்குது? திருட்டுப் போச்சுன்னு தெரிஞ்ச அஞ்சு நிமிசத்துல ஊரே உள்ள. எழவு வூட்டுக்கு வர்ற மாதிரி ஒவ்வொருத்தரா வந்து பீரோவத் தடவி, "அடக் கெரகமே, இதுலயா வச்சிருந்தீங்க"ன்னு கேட்டு, செதறிக் கெடக்கற துணிய மடிச்சு வேற வைப்பாங்க. சொந்தக்காரி ஒருத்தி டீ போடுவா. அப்பறம் கைரேகை எடுக்க வர்ற ஆளு, பொடியத் தூவிப் பாத்தா, வாக்காளர் பட்டியலே கெடைக்கும். மோப்ப நாயி டீக்கடை வரைக்கும் போய் நிக்கும், நாம நாயைத் திட்டுவோம். புகார் எழுதிக் குடுத்தா, எப்.ஐ.ஆர். காப்பி காசில்லாமக் குடுக்கோணும், கேட்டு வாங்கிக்கோ. பழைய சட்டத்துல 457, 380ன்னு எழுதுவாங்க. 2024 ஜூலை 1ல இருந்து புதுச் சட்டத்துல 331, 305. நம்பரு மாறிப்போச்சு, நாதாங்கி மாறல.

ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோட மேட்டூர் போறதாச் சொன்ன. போ. ஊரே காவேரிக்குப் போவும், திருடனுக்கும் அது நோம்பிதான். முந்தின நாளே போலீசு ஸ்டேசன்ல, வூடு பூட்டியிருக்கும், இந்தத் தேதியில வருவோம்னு சொல்லிட்டு வா. ரோந்து போற போலீசு ஒரு பார்வை பாக்கும். ஆயாகிட்டயும் சொல்லிட்டுப் போ, வர்றப்ப அதுக்கு ரெண்டு சீப்பு வாழப்பழம் வாங்கிட்டு வா. டி.வி.ஆர் பொட்டிய இன்னைக்கு ராத்திரியே எடம் மாத்து. நாதாங்கிக்கு ஞாயித்துக்கிழமை காத்தால ஆசாரி வருவாரு, நான் சொல்லி உட்டுட்டேன். போல்ட்டும் நட்டும் அவரே வாங்கிட்டு வந்துருவாரு, கூலி நீ குடுத்துரு.